முட்டை குடிக்கும் கோழிகளும் மெலிந்த ஓடும்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, முன்பு தோட்டத்து லயங்கள் இருந்த இடத்தை ஒட்டிய தாமானில் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஐந்து நாட்டுக்கோழிகள் வளர்த்து வந்தோம். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு பண்ணையிலிருந்து ஆறு பென்சன் கோழிகளையும் வாங்கிச் சேர்த்தோம். தொடக்கத்தில் நாளுக்கு ஆறேழு முட்டைகள் கிடைத்தன. இப்போது இரண்டு கிடைத்தாலே அதிகம். கூட்டில் போட்டிருக்கும் காய்ந்த லாலான் புல் முழுவதும் மஞ்சள் கருவாக இருக்கிறது. கோழிகளே கொத்திக் குடிப்பதை என் மாமியார் கண்ணால் பார்த்துவிட்டார். உடைத்த சோளம், மீந்த சோறு, தேங்காய்ச் சக்கை, கொஞ்சம் கறிக்கோழித் தெடாக் (தீவனம்) ஆகியவை கொடுக்கிறோம். பதினொரு கோழிகளுக்கும் சேர்த்து இரண்டு பழக்கூடைகள்தான் கூடு. நான் காலை ஆறரைக்கு வேலைக்குப் போனால் மாலை நான்கரைக்குத்தான் திரும்புவேன். காலி முட்டை ஓட்டுக்குள் மிளகாய்த்தூள் அடைத்து வைத்தும் பயனில்லை. அலகில் சூடு போடச் சொல்கிறார்கள், அறுத்துவிடச் சொல்கிறார்கள், முட்டை குடிக்கும் கோழி வீட்டுக்கு ஆகாது என்றும் சொல்கிறார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் கொடுத்தால் சரியாகுமா? வழி சொல்லுங்கள். (ஒரு வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். அலகில் சூடு போடாதீர்கள். அலகு நம் நகத்தைப் போன்ற உணர்வற்ற பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் நுனிவரை நரம்புகள் ஓடுகின்றன. சூடு பட்ட கோழி பல நாட்கள் வலியால் தீனியை ஒழுங்காகக் கொத்தாது. தீனி குறைந்தால் அடுத்து வரும் முட்டையின் ஓடு இன்னும் மெலியும். மெலிந்த ஓடு இன்னும் எளிதில் உடையும். நோயைத் தீர்க்கப் போய் அதற்கே உரம் போட்டதாகிவிடும். விலங்குகளைத் துன்புறுத்துவது மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும், சொன்னவர்களிடம் நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேலியே பயிரை மேய்வதைப் போல, முட்டையிட்ட கோழியே அதைக் குடிப்பதைப் பார்க்கும்போது நமக்குக் கோபமும் அருவருப்பும் வருவது இயல்புதான். ஆனால் நான் பார்த்த வரையில், நல்ல கெட்டியான ஓடு கொண்ட முட்டையைத் தானாகவே உடைத்து இந்தப் பழக்கத்தைத் தொடங்கிய கோழி மிக அரிது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஓடு மெலிந்த முட்டை ஒன்று, அல்லது ஓடே இல்லாத தோல்முட்டை ஒன்று, கூட்டில் மிதிபட்டோ தரையில் விழுந்தோ உடைகிறது, பக்கத்தில் நிற்கும் கோழி அதைக் கொத்திப் பார்க்கிறது, சத்து நிறைந்த ஈரமான உணவு கிடைக்கிறது. இப்படி நான்கைந்து முறை நடந்த பிறகுதான், உடையாத முட்டையையும் கொத்தினால் உள்ளே உணவு உண்டு என்று அது கற்றுக்கொள்கிறது. ஒன்று கற்றால் மற்றவை பார்த்துக் கற்கும். ஆகவே கோழியின் குணத்தைத் திருத்துவதற்கு முன், முட்டையின் ஓடு ஏன் மெலிந்தது, உடைந்த முட்டை ஏன் கோழியின் கண்ணெதிரே கிடந்தது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இரண்டுக்குமே காரணம் தெளிவாகத் தெரிகிறது.

ஓட்டின் கணக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. அறுபது கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் ஓடு மட்டும் ஐந்தரை கிராமுக்குக் குறையாமல் இருக்கும். அந்த ஓடு ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் மட்டும் இரண்டு கிராமுக்கு மேல். தின்னும் கால்சியத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் கோழியின் உடல் ஈர்த்துக்கொள்கிறது என்பதால், முட்டையிடும் ஒரு கோழிக்கு நாளுக்கு நான்கு கிராம் அளவு கால்சியம் தீனியில் இருக்க வேண்டும். இப்போது உங்கள் வீட்டுத் தீனியைப் பாருங்கள். சோளத்திலும் சோற்றிலும் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். தேங்காய்ச் சக்கையில் நாரும் எண்ணெயும்தான் மிச்சம். கறிக்கோழித் தெடாக்கில் ஒரு விழுக்காடு அளவுக்குக் கால்சியம் இருக்கும். ஒரு கோழி அதில் 25 கிராம் தின்றால் கிடைப்பது கால் கிராம். தேவை நான்கு, கிடைப்பது கால். மீதியைக் கோழி எங்கிருந்து எடுக்கிறது என்றால், தன் எலும்பிலிருந்துதான். முட்டையிடும் பெட்டைகளின் கால் எலும்புகளுக்குள் இதற்கென்றே ஒரு சேமிப்பு உண்டு. அது கரையக் கரைய ஓடு மெலிகிறது, பிறகு தோல்முட்டை வருகிறது, கடைசியில் சில கோழிகள் காலில் வலுவிழந்து உட்கார்ந்தே விடுகின்றன. முட்டையிட்ட கோழிக்குத்தான் வருத்தம் தெரியும் என்ற பழமொழியில் இந்த எலும்புக் கணக்கும் அடங்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

புரதமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. முட்டையிடும் கோழிக்குத் தீனியில் 16 முதல் 18 விழுக்காடு புரதம் வேண்டும். சோளத்தில் எட்டு, ஒன்பது விழுக்காடுதான்; அரிசியில் அதற்கும் குறைவு. புரதப் பசியில் இருக்கும் கோழிக்கு உடைந்த முட்டையைவிடச் சிறந்த உணவு இந்த உலகத்தில் கிடையாது.

அடுத்து, நீங்கள் வாங்கிய பென்சன் கோழிகள். முட்டைப் பண்ணைகளில் ஒன்றரை வயதைத் தாண்டி, முட்டை குறையத் தொடங்கியதும் கழித்துவிடப்படும் கோழிகளைத்தான் இந்நாட்டில் அந்தப் பெயரால் விற்கிறார்கள். அவற்றிடம் இரண்டு சங்கதிகள் உண்டு. வயது ஏற ஏற முட்டை பெரிதாகும். ஆனால் கோழி அதன்மேல் பூசும் ஓட்டின் அளவு அதே வேகத்தில் கூடாது. குறைந்த மாவை அகலமான கல்லில் தேய்த்த தோசையைப் போல ஓடு மெலிந்துவிடும். இரண்டாவது, பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று. இந்தக் கோழிகள் பெரும்பாலும் கம்பிக்கூண்டில் வாழ்ந்தவை. கூண்டின் தரை சரிவாக இருப்பதால், இட்ட முட்டை உடனே உருண்டு அலகுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். தன் காலடியில் முட்டை கிடப்பதையே பார்க்காமல் ஒரு வருடத்துக்கு மேல் முட்டையிட்ட கோழி, உங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் முதன்முதலாக அதைப் பார்க்கிறது. கூடு என்றால் என்ன என்பதும் அதற்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே இட்டுவிடும். அப்படி வெறுந்தரையில் விழுந்து உடைந்த முட்டைகளில்தான் உங்கள் வீட்டுக் கதை தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, நாமக்கல் முட்டை இங்கே வந்து இறங்கிய நாட்களுக்குப் பிறகு, பென்சன் கோழி வாங்கியதாக எழுதும் வாசகர்கள் எனக்குக் கூடியிருக்கிறார்கள். இந்தப் புகாரும் அவர்களிடமிருந்தே அதிகம் வருகிறது. வாங்கியது தவறில்லை. அந்தக் கோழிகள் இன்னும் ஓராண்டாவது முட்டை கொடுக்கும். அவற்றின் பழைய வாழ்க்கையை அறிந்து இடம் அமைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தீனியை மாற்றுங்கள். தீவனக் கடையில் முட்டைக்கோழித் தெடாக் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதில் கால்சியம் மூன்றரை முதல் நான்கு விழுக்காடு வரை இருக்கும். ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் அளவு தின்னும்போது தேவை நிறைவேறிவிடும். உங்கள் பதினொரு கோழிகளுக்கு நாளுக்கு ஒன்றேகால் கிலோ போதும். மூட்டையாக வாங்கினால் மலிவு என்று 50 கிலோவை வாங்கி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தீவனம் விரைவில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்த தீவனம் கோழியின் ஈரலைக் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு வேண்டிய 17, 18 கிலோவை மட்டும் வாங்கி, மூடியுள்ள வாளியில் வையுங்கள். பழைய தீனியை ஒரே நாளில் நிறுத்தாமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். சோளத்தை அடியோடு விலக்க வேண்டியதில்லை. மாலையில் ஒரு கோழிக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு இறைத்தால் கூட்டுக்குத் திரும்பவும் அது பழக்கும். மீந்த சோற்றில் உப்பும் குழம்பும் கலந்திருந்தால் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அதிக உப்பும் ஓட்டைக் கெடுக்கும். தேங்காய்ச் சக்கை வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும்; அதை நிறுத்திவிடலாம். தோட்டப்புறங்களில் மலிவாகக் கிடைக்கும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்கு நல்லது. கோழிக்கு அதில் நார் மிக அதிகம்.

சுண்ணாம்புத் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் கோழிக்கு வைப்பது நம்மவர்களின் பழைய வழக்கம். அதனால் தீங்கில்லை. ஆனால் ஒரு லிட்டர் தெளிவு நீரில் கரைந்திருக்கும் கால்சியம் ஒரு கிராமுக்கும் குறைவு. கோழி நாளுக்குக் கால் லிட்டர் குடித்தால் அதற்குக் கிடைப்பது 0.2 கிராம். நான்கு கிராம் தேவைக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. அடியில் தங்கும் சுண்ணாம்பை மட்டும் ஒருபோதும் தீனியில் கலக்காதீர்கள். வாயையும் தொண்டையையும் அது புண்ணாக்கும். முருங்கைக்கீரையும் அப்படித்தான்: நல்ல உணவு, தாராளமாகப் போடுங்கள், ஆனால் ஓடு கட்டும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

அதைவிட நல்ல வழி உங்கள் சந்தையிலேயே இருக்கிறது. தைப்பிங் பக்கத்துக் கடலோரத்திலிருந்து வரும் கெராங் சிப்பியைச் சமைத்த பிறகு அதன் ஓடுகளை எறிந்துவிடுகிறோம் அல்லவா, அவற்றை உப்புப் போக இரண்டு மூன்று முறை கழுவி, வெயிலில் காயவைத்து, உரலில் இட்டு இடியுங்கள். மாவாக்க வேண்டாம், பச்சரிசி அளவிலிருந்து துவரம்பருப்பு அளவு வரையான துண்டுகளாக இருக்கட்டும். இதற்குக் காரணம் உண்டு. கோழியின் உடலில் ஒரு முட்டை உருவாக 25 மணி நேரம் ஆகிறது; அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடுகிறது, அதிலும் பெரும்பகுதி கோழி உறங்கும் இரவில் நடக்கிறது. மாவாகக் கொடுத்த கால்சியம் இரவு வருவதற்குள் குடலைக் கடந்துவிடும். கெட்டியான துண்டுகளோ அரைவைப்பையில் தங்கி, இரவெல்லாம் மெல்லக் கரைந்து கொடுக்கும். ஆகவே இந்தச் சிப்பித் துண்டுகளைத் தீனியில் கலக்காமல், தனிக் கிண்ணத்தில், குறிப்பாக மாலை நேரத்தில் கிடைக்கும்படி வையுங்கள். தேவைப்படும் கோழி தானே வந்து கொத்தும், தேவையில்லாதது ஒதுங்கிவிடும். சேவலுக்கும் குஞ்சுகளுக்கும் முட்டைக்கோழித் தெடாக்கைத் தொடர்ந்து கொடுப்பது நல்லதல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளரும் குஞ்சின் சிறுநீரகத்தை அவ்வளவு கால்சியம் பழுதாக்கும்.

சமைத்த முட்டையின் ஓடுகளையும் கொடுக்கலாம். ஆனால் அடையாளம் தெரியாதபடி காயவைத்து நொறுக்கிய பிறகே கொடுங்கள். பாதி முட்டை வடிவில் அப்படியே எறிந்தால், நாமே பாடம் நடத்தியதாகிவிடும்.

ஓடு தேறுகிறதா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. பென்சன் கோழிகள் இட்ட பெரிய முட்டைகளில் பத்தின் ஓடுகளைச் சேர்த்து, கழுவிக் காயவைத்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பத்தும் சேர்ந்து 55 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் ஓடு நன்றாக இருக்கிறது. 50க்குக் கீழே வந்தால் மெலிவு என்று பொருள். நாட்டுக்கோழி முட்டை சிறியது என்பதால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. தீனி மாற்றிய இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும்.

வெப்பத்தையும் பாருங்கள். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. அப்படி இரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது, ஓட்டுக்கான கார்பனேட் அதனால் குறைகிறது. தகரக் கூரைக்குக் கீழே மதியத்தில் நிற்கும் கோழி நல்ல தீனி தின்றாலும் மெல்லிய ஓடுதான் கட்டும். கூரைமேல் செம்பனை ஓலையோ ஈரச் சாக்கோ போடுங்கள். நிழலில் குளிர்ந்த நீரை வைத்து, முடிந்தால் மாமியாரிடம் சொல்லி நண்பகலில் ஒரு முறை மாற்றுங்கள். தீனியை விடியற்காலையிலும் மாலையிலும் போடுங்கள்.

கூடுதான் இரண்டாவது பாதி. பதினொரு கோழிகளுக்கு மூன்று கூடுகளாவது வேண்டும். காலையில் ஒரே கூடைக்கு மூன்று கோழிகள் முண்டியடித்தால் உள்ளே இருக்கும் முட்டை மிதிபடத்தான் செய்யும். நாட்டுக்கோழி ஒன்று அடையில் உட்கார்ந்துவிட்டால் இருக்கும் இரண்டில் ஒன்றும் போய்விடும். அடைக்கோழிக்கு எப்போதும் தனி இடம் கொடுங்கள். கூடு தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், இருட்டாக, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் இருக்க வேண்டும். வாசலில் சாக்குத் துணியை இரண்டு மூன்று கீற்றுகளாகக் கிழித்துத் தொங்கவிட்டால் போதும்; இருட்டில் கோழி எதையும் கொத்தாது. லாலான் புல்லை நான்கு விரல் உயரத்துக்குப் போட்டு, மஞ்சள் கரு பட்டதை அன்றன்றே அகற்றுங்கள். அந்த மணம் இருக்கும் வரை அவை தேடிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் பகல் முழுவதும் வீட்டில் இல்லாத நிலையில், நான் உறுதியாகப் பரிந்துரைப்பது சரிவுத் தரைக் கூடு. பண்ணைக் கூண்டின் உத்தியை நம் தேவைக்கு எடுத்துக்கொள்வதுதான் இது. பலகையில் ஓரடி அகலம், நாற்பது சென்டிமீட்டர் ஆழம், ஓரடிக்குச் சற்று மேல் உயரம் கொண்ட பெட்டி ஒன்று செய்யுங்கள். தரைப் பலகையை வாசலிலிருந்து பின்பக்கமாகச் சரிய வையுங்கள். முன்விளிம்பைவிடப் பின்விளிம்பு ஐந்தரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். அதற்கு மேல் சரித்தால் கோழி உட்கார மறுக்கும், முட்டையும் வேகமாக உருண்டு மோதும். தரைமேல் செயற்கைப் புல் விரிப்போ பழைய ரப்பர் விரிப்போ ஒட்டுங்கள். பின்சுவரின் அடியில் முட்டை நுழையும் அளவுக்கு, ஏழு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதற்கப்பால் நான்கு விரல்கடை அகலத்துக்கு ஒரு தொட்டி அமைத்து, உள்ளே பஞ்சுத்துண்டு விரித்து, மேலே திறந்து மூடும் பலகை பொருத்துங்கள். கோழி இட்டு எழுந்தவுடன் முட்டை மெல்ல உருண்டு தொட்டிக்குள் போய்விடும், அலகு எட்டாது. மாலை நான்கரைக்கு நீங்கள் வந்து பலகையைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். பென்சன் கோழிகளுக்குச் சரிவுத் தரை பழகியது என்பதால் விரைவில் ஏறிவிடும். நாட்டுக்கோழிகளோ புல்லைக் கிளறிக் குழி செய்து உட்கார விரும்புபவை; அவை தயங்கும். தரையில் அசையாதபடி ஒரு பொய் முட்டையை ஒட்டி வைத்தால், மற்றொரு கோழி இட்ட இடம் என்று நம்பி ஏறும். இரண்டு வாரம் பொறுத்தும் ஏறாதவற்றுக்குப் பழைய கூடை ஒன்றை விட்டுவையுங்கள்.

அந்தக் கூடையிலும் கோழிகள் வழக்கமாக இடும் மற்ற இடங்களிலும் பொய் முட்டைகளை வைப்பது நல்லது. மரத்தில் கடைந்ததோ கோல்ஃப் பந்தோ எதுவானாலும் சரி. பிளாஸ்டிக் முட்டை கிடைத்தால் உள்ளே மணலை நிரப்பிக் கனமாக்குங்கள். கோழி கொத்தும், உடையாது, மறுபடி கொத்தும், அலகு வலிக்கும். கொத்தினால் உணவு வரும் என்று கற்றதை அது இப்படித்தான் மெல்ல மறக்கிறது. தோட்டத்து லயத்தில் என் பாட்டி, அடுத்த முட்டையும் அதே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காகக் கூட்டில் ஒரு முட்டையை எப்போதும் விட்டுவைப்பார். நோக்கம் சரி, ஆனால் உண்மையான முட்டையை வைத்தால் அது ஒரு நாள் உடையும்.

சரிவுக் கூடு தயாராகும் வரை உங்கள் மாமியாரின் உதவி தேவை. கோழிகள் பெரும்பாலும் விடிந்த பிறகு முற்பகல் பதினொரு மணிக்குள் இட்டுவிடும். எட்டரைக்கு ஒரு முறை, பத்துக்கு ஒரு முறை, பன்னிரண்டுக்கு ஒரு முறை எடுத்தாலே பெரும்பகுதி தப்பிவிடும். வயதானவரை இருட்டுக் கூட்டுக்குள் வெறுங்கையை விடவேண்டாம் என்று சொல்லுங்கள். செம்பனை மரங்களுக்குப் பக்கத்தில் எலி உண்டு, எலி இருக்கும் இடத்துக்கு நாகம் வரும். கைவிளக்கை அடித்துப் பார்த்த பிறகே எடுக்கட்டும். பாம்பு இருந்தால் நீங்களே அடிக்கப் போகாமல் 999ஐ அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடிப்பார்கள். காணாமல் போகும் முட்டைகளுக்கெல்லாம் கோழியே காரணம் என்றும் முடிவு கட்டாதீர்கள். ஓடும் இல்லை, ஈரமும் இல்லை, முட்டை மட்டும் இல்லை என்றால் பாம்பையோ உடும்பையோ சந்தேகிக்கலாம். எலிக்கு விஷம் மட்டும் வைக்க வேண்டாம். விஷம் தின்ற எலியைக் கோழியும் கொத்தும், தோட்டங்களில் எலியைப் பிடிப்பதற்கென்றே கூடுப்பெட்டி வைத்து வளர்க்கும் கூகைகளும் அதைத் தின்று சாகும்.

மிளகாய்த்தூள் ஏன் பயன்படவில்லை என்பதற்கும் விடை உண்டு. மிளகாயின் எரிச்சலை நம் உடலில் உணர்த்தும் நரம்பின் நுழைவாயில், கோழியில் அந்தக் காரப்பொருளுக்கு இணங்காத அமைப்பில் இருக்கிறது. பிற்பாடு 2021இல் நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 2002இல் இதைக் கோழியை வைத்தே காட்டியது. சீலி பாடி மிளகாய்ச் செடியைக் கோழி மேய்ந்துவிட்டுச் சும்மா போவதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். நீங்கள் அடைத்து வைத்தது அவற்றுக்குக் காரமாகவே தெரிந்திருக்காது. முட்டை வடிவத்தில் உள்ள ஒன்றை உடைத்துத் தின்னும் பயிற்சிதான் கூடியிருக்கும்.

இனி, எந்தக் கோழி என்ற கேள்வி. உடைந்த முட்டையை எல்லாக் கோழிகளும் தின்னும். அதனால் அலகில் மஞ்சள் கரு ஒட்டிய ஒவ்வொன்றையும் குற்றவாளியாக்க வேண்டாம். முதலில் உடைப்பது ஒன்றோ இரண்டோதான். ஒரு விடுமுறை நாள் காலையில், பொய் முட்டை ஒன்றைத் தரையில் வைத்துச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். ஓடி வந்து குறி பார்த்து, திரும்பத் திரும்ப ஓங்கிக் கொத்துவது எதுவோ, அதுதான். அதைப் பத்து நாட்கள் தனிக் கம்பிக்கூண்டில், சரிவுத் தரையில், நல்ல தீனியும் நீரும் கொடுத்து வையுங்கள். மற்றவற்றின் கண்ணில் படும்படி கூண்டு இருந்தால், திரும்பச் சேர்க்கும்போது சண்டை குறையும். சேர்ப்பதை இருட்டும் நேரத்தில் செய்யுங்கள். மற்ற கோழிகள் சும்மா நிற்காதபடி, காங்கோங் கீரையையோ பப்பாளி இலையையோ கட்டாகக் கட்டித் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். மாலையில் ஒரு மணி நேரமாவது வெளியே மேயவிடுங்கள். வேலையில்லாத அலகு முட்டையைத் தேடும்.

அறுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தீனி மாறி, ஓடு கெட்டியாகி, கூடு சரியான பிறகும் ஆறு வாரம் கழித்து அதே கோழி உடைத்துக்கொண்டே இருந்தால், அதைக் கறிக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை. பழக்கம் முற்றிய சில கோழிகளை எதுவும் மாற்றாது. ஆனால் இன்றைக்கு அறுத்தால், நாளை மற்றொன்று அதன் இடத்துக்கு வரும், ஏனென்றால் மெல்லிய ஓடு அப்படியேதான் இருக்கும். வீட்டுக்கு ஆகாது என்ற பேச்சை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். கால்சியம் கிடைக்காத உயிர் கிடைத்த இடத்தில் தேடுகிறது. அதில் சகுனம் எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஓடு மெலிவதோடு மூக்கில் சளி, கரகரப்பான மூச்சு, ஓட்டில் சுருக்கங்கள், தண்ணீராக ஓடும் வெள்ளைக்கரு, அல்லது பச்சைக் கழிச்சலும் கழுத்து முறுக்கலும் தெரிந்தால், அது தீனிக் குறை அல்ல, தொற்றுநோய். உடனே மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தை நாடுங்கள். வெள்ளைக்கழிச்சல் (நியூகாசல் நோய்) தடுப்பூசி போடவில்லை என்றால் அதையும் அங்கே கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்களில் விரிசல் விட்ட முட்டைகள் நிறையக் கிடைக்கும். எறிய மனம் வராது. விரிசல் மட்டும் விட்டு, உள்ளே கசியாமல், அன்றே எடுத்த முட்டையைக் குழம்பிலோ பொரியலிலோ நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். அரை வேக்காட்டு முட்டைக்கு, குறிப்பாக வீட்டில் குழந்தைகளுக்கும் மாமியாருக்கும், அதைப் பயன்படுத்த வேண்டாம். விரிசல் வழியே கூட்டிலுள்ள எச்சத்தின் கிருமிகள் உள்ளே போயிருக்கும். கசிந்த முட்டையை மண்ணில் புதைத்துவிடுங்கள், கோழிகள் கிளறாத ஆழத்தில்.